மாடத்தில் ஒரு மலைப்பறவை

டில்லியில் குடியிருக்கும் தமிழர் இல்லங்களில் பங்குனி பிறந்ததும் தவறாமல் நிகழும் சடங்கு ஒன்று உண்டு. ஐப்பசி முதல் ஜன்னலுக்கு வெளியே இரும்புச் சட்டத்தின்மேல் சும்மா கிடந்த கூலரைத் திறந்து, தூசு துடைத்து, பழைய புல் தட்டிகளை எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவதே அது. சென்ற பங்குனியில் நாமும் அச்சடங்கைத் தொடங்கினோம். கூலருக்கும் சுவருக்கும் இடையே எட்டிப் பார்த்தபோது ஏழெட்டுத் துடைப்பக் குச்சிகளும், வளைந்த கம்பித் துண்டு ஒன்றும் கிடந்தன. அதனைக் கூடு என்று அழைப்பதற்கே சற்றுத் தாராள மனம் வேண்டும். அதன்மேல் ஒரு புறா அமர்ந்து, செம்மஞ்சள் நிறக் கண்ணை உருட்டி நம்மைப் பார்த்தது. எழுந்து பறக்கவில்லை. அதன் அடியில் இரண்டு வெள்ளை முட்டைகள்.

கூலர் மிஸ்திரி ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னார்: எடுத்து எறிந்துவிடலாம் என்றார். குறுக்கிட்டவர் நம்முடன் இருக்கும் தாயார். ஊரிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாகியும் டில்லிக் காற்றுக்குப் பழகாதவர், மூச்சிரைப்பு உள்ளவர், புறா எச்சத்தின் தூள் ஆகவே ஆகாது என்று மருத்துவரால் எச்சரிக்கப்பட்டவர். அவர்தாம், "முட்டையோடு இருக்கிற கூட்டைக் கலைக்காதேப்பா. பொரித்துப் பறக்கட்டும்" என்றார். மிஸ்திரி தம் கருவிகளைச் சுருட்டிக்கொண்டு போனார். வெயிலுக்கும் புறாவுக்கும் இடையே நாம் அகப்பட்டுக்கொண்டோம்.

அந்த நாட்களில் ஒரு கேள்வி நம்மை விடாது பற்றிக்கொண்டது. இப்பறவை யாருடையது? இதனைக் கூண்டில் அடைத்தவர் இல்லை. இரைவைத்து வளர்ப்பவர் இல்லை. ஆகவே வீட்டுப் பறவை என்று சொல்லுதல் இயலாது. காட்டில் இதனைத் தேடினாலோ அங்கும் காண்பது அரிது. அப்படியாயின் இது எங்கிருந்து வந்தது?

தமிழில் இதன் பெயர் மாடப்புறா. மணிப்புறா, பச்சைப்புறா, நீலகிரிச் சோலைகளில் வாழும் காட்டுப்புறா ஆகியவை எல்லாம் மரக்கிளையில் கூடு கட்டுபவை. மாடப்புறா மட்டும் மரத்தை நாடுவதில்லை. அதற்கு வேண்டியது செங்குத்தான சுவரும், அச்சுவரில் ஒரு சாண் அகல விளிம்பும், மேலே மழை மறைக்கும் ஒரு நீட்சியும் மட்டுமே. இயற்கையில் இம்மூன்றும் அமைந்த இடம் மலைப்பாறையின் முகம். மத்தியதரைக்கடல் ஓரத்துப் பாறைகள் முதல் மேற்காசியாவின் வறண்ட குன்றுகள் வழியாக நம் தக்காணம் வரையில் இப்பறவையின் பழைய நாடு பரந்து கிடக்கிறது. கர்நாடகத்து ஜோக் நீர்வீழ்ச்சியின் பாறைச் சுவரில் இன்றும் இவை வாழ்கின்றன. தக்காணத்துக் கோட்டைகளின் மதில்களும், வடநாட்டுப் படிக்கிணறுகளின் உட்சுவர்களும் இவற்றுக்குப் பாறையின் மறுவடிவங்களே. கன்னாட் பிளேஸுக்கு அருகிலுள்ள அக்ரசேன் படிக்கிணற்றின் படிகளில் இறங்கிப் பார்த்தவர்கள், நகரின் இரைச்சல் மறைந்து புறாக்களின் குமுறல் மட்டும் கேட்பதை அறிவார்கள்.

கூடு இத்தனை அலட்சியமாக இருப்பதன் காரணமும் இதுவே. அசையாத பாறையின்மேல் முட்டை உருளாமல் தடுக்க நாலு குச்சி போதும். முட்டை பொரிய 17 முதல் 19 நாட்கள் ஆகும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடை காக்கின்றன. காலையில் வெயில் ஏறியபின் ஆண்புறா வந்து அமர்ந்தால் பிற்பகல் சாயும் வரை எழுவதில்லை. மற்ற நேரமெல்லாம் பெண்புறாவின் பொறுப்பு. ஆண்புறாவின் பணிநேரம் மத்திய சர்க்கார் அலுவலக நேரத்தோடு ஏறத்தாழ ஒத்திருப்பதை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. இடைவேளை மட்டும் அதற்கு இல்லை.

இவ்வினத்தின் மிகப் பெரிய செல்வம் அதன் கழுத்தடியில் இருக்கிறது. இரையைச் சேர்த்துவைக்கும் பையின் உட்சுவர் குஞ்சு பொரியும் சமயத்தில் தடித்து, தயிர்போன்ற சத்துப் பொருள் ஒன்றைச் சுரக்கிறது. தாய் மட்டுமன்றித் தந்தையும் இப்பாலைச் சுரக்கும். முதற் சில நாட்களில் குஞ்சுக்கு வேறு உணவே இல்லை. தானியம் தின்னும் பறவைகள் பலவும் தம் குஞ்சுக்குப் புழு பூச்சி தேட வேண்டியிருப்பதால் அவற்றுக்கேற்ற பருவத்துக்குக் காத்திருக்கின்றன. புறாவுக்கோ பெற்றோர் தின்ன தானியம் கிடைத்தால் போதும். குஞ்சுக்கு உணவு தானே உண்டாகிவிடும். எனவே இதற்கு மார்கழியும் ஒன்றுதான், சித்திரையும் ஒன்றுதான். தானியமும் விளிம்பும் ஓரிடத்தில் கூடிவிட்டால் ஆண்டு முழுவதும் குடும்பம் பெருகும். அவ்விரண்டும் ஒருங்கே கூடுமிடம் நகரமன்றி வேறு யாது?

மனிதனுக்கும் இப்பறவைக்கும் உள்ள உறவு நகரங்களைவிடப் பழையது. ஜிப்ரால்டர் குகை ஒன்றில் 67,000 ஆண்டுகளுக்கு முன்பே நியாண்டர்தால் மனிதர்கள் மாடப்புறாக்களைத் தின்றிருக்கிறார்கள் என்பதை, வெட்டுக்காயமும் தீக்காயமும் பட்ட எலும்புகளைக்கொண்டு 2014ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஒரே குகையில் கீழே மனிதனும் மேலே புறாவும் குடியிருந்தன போலும். பிறகு மனிதன் குகையை விட்டு வெளியேறித் தானே குகைகளைக் கட்டிக்கொள்ளத் தொடங்கினான். புறாவும் பின்னாலேயே வந்தது.

நம் நாட்டில் அது வந்து சேர்ந்ததற்குச் சங்க நூல் ஒன்றே சாட்சி. நெடுநல்வாடையில் அடைமழைக் காலத்து நகரம் ஒன்று வருணிக்கப்படுகிறது. அங்கே மனையில் வாழும் ஆண்புறா, துணையுடன் வெளியே சென்று இரை தேட வகையின்றி, இரவென்றும் பகலென்றும் தெரியாமல், மாடத்து ஓரத்தில் கால் கடுக்க நிற்கிறது. பார்த்து எழுதிய காட்சி இது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஜூலை மாதத்து டில்லியில் எந்தச் சன்ஷேடின் அடியிலும் இதே காட்சியைக் காணலாம். மற்றொரு சாட்சி கோயிலில் இருக்கிறது. விமானத்திலும் மண்டபத்திலும் கூரையின் ஓரமாக வளைந்து இறங்கும் விளிம்பைச் சிற்பிகள் கபோதம் என்கிறார்கள். வடமொழியில் கபோதம் என்றால் புறா. தமிழ் வழக்கு மாடத்தைக்கொண்டு புறாவுக்குப் பெயரிட்டது. சிற்ப வழக்கிலோ விளிம்பே புறாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பறவை எது, கட்டடம் எது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் அன்றே கலந்துவிட்டன.

இனி டில்லிக்கு வருவோம். இந்நகரத்தின் புறாக்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் முகலாயரை விட்டுவிட முடியாது. அவ்வரசின் வரலாறே ஒரு புறாக்கூட்டின் வீழ்ச்சியோடு தொடங்குகிறது என்றால் மிகையாகாது. மத்திய ஆசியாவில் பெர்கானா நாட்டை ஆண்ட உமர் ஷேக் மிர்சா, அக்சி என்னும் கோட்டையில் ஆற்றுப்பள்ளத்தின் விளிம்பில் புறாக்கூடு கட்டியிருந்தார். 1494 ஜூன் 8 அன்று கரை சரிந்தது. புறாக்களோடும் கூட்டோடும் அரசரும் பள்ளத்தில் விழுந்து மாண்டார். பன்னிரண்டாம் பிராயத்தில் அரியணை ஏறிய அவருடைய மகன்தான், 1526இல் டில்லியைக் கைப்பற்றிய பாபர். புறாவின் இயல்பை அறிந்தே அக்கூடு பள்ளத்தின் ஓரத்தில் அமைந்ததோ என்னவோ. புறாவுக்கு உகந்த இடம் மனிதனுக்கு உகந்ததாக இல்லை.

கொள்ளுப்பாட்டனாரின் முடிவைக் கேட்டு அக்பர் அஞ்சியதாகத் தெரியவில்லை. அவருடைய அரண்மனையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்று அபுல் பசல் அயினி அக்பரியில் எழுதிவைத்திருக்கிறார். பாளையம் பெயரும்போது புறாக்களும் ஆட்களின் தோளில் ஏறிப் பயணம் செய்தன. ஈரான், துரான் அரசர்களிடமிருந்து அரிய இனங்கள் பரிசாக வந்தன. அக்பர் இவ்விளையாட்டுக்கு இஷ்க்பாசி, அதாவது காதல் விளையாட்டு, என்று பெயரிட்டார். இனங்களைக் கலந்து புதியவற்றைத் தோற்றுவிப்பதிலும் அவர் கைதேர்ந்தவர். பழைய டில்லியின் மொட்டைமாடிகளில் மாலை வேளைகளில் சீழ்க்கை ஒலிக்குப் புறாக்கூட்டம் வட்டமிட்டு இறங்கும் காட்சி அந்நாளின் தொடர்ச்சியே. ஒருவர் கூட்டத்தோடு மற்றொருவர் புறா ஒட்டிக்கொண்டு இறங்கிவிடுவதும், அதனால் தெருவில் சச்சரவு மூளுவதும் இவ்விளையாட்டின் பகுதிகள். அப்படி வழிதவறியவற்றுள் சில எந்த மாடிக்கும் திரும்பாமல் பாழடைந்த மண்டபத்தில் தங்கிவிடும். நம் கேள்விக்கான விடையின் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

மறு பாதியை அறிவதற்குச் சென்னைக்குப் போக வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக்கொண்ட நமக்கு இந்தப் பகுதி தனி மகிழ்ச்சி தருவது, நேயர்கள் பொறுத்தருள்க.

1855ஆம் ஆண்டில் சார்லஸ் டார்வின் தம் கிராமத்து வீட்டில் புறா வளர்க்கத் தொடங்கினார். லண்டன் புறா வளர்ப்போர் சங்கங்களில் உறுப்பினராகவும் சேர்ந்தார். விசிறிவாலன், கழுத்தை ஊதிப் பருக்கும் இனம், ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடும் இனம் என்று ஒன்றோடொன்று ஒவ்வாத இத்தனை இனங்களும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவையா என்பதே அவர் கேள்வி. உலகெங்கும் கடிதம் எழுதிப் பறவைத் தோல்களை வரவழைத்தார். 1856 ஜனவரியில் அப்படி ஒரு கடிதம் சென்னைக்கு, கவர்னர் ஆலோசனைச் சபை உறுப்பினராக இருந்த வால்ட்டர் எலியட்டுக்கு வந்தது. சென்னைவாசிகள் உடனே எலியட் கடற்கரையை நினைப்பார்கள். அது வேறோர் எலியட்டின் பெயர். இவர் அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தவர், நாணயமும் கல்வெட்டும் தாவரமும் விலங்கும் ஆராய்ந்தவர், தமிழிலும் பற்றுக்கொண்டவர். 1887இல் கண்பார்வை இழந்த நிலையில் காலமான அன்றும், தமிழறிஞர் ஜி. யு. போப்புக்கு ஒரு கடிதத்தைச் சொல்லி எழுதுவித்துக் கையொப்பமிட்டார் என்பர்.

எலியட் டார்வினுக்கு இந்தியப் புறாக்களின் தோல்களை அனுப்பினார். அத்துடன் நிற்கவில்லை. 1770ஆம் ஆண்டில் முசாரி என்பவர் பாரசீக மொழியில் எழுதிய புறா நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பையும் அளித்தார். டார்வின் 1868இல் வெளியிட்ட வளர்ப்பு விலங்குகள் பற்றிய நூலில் அதற்கு நன்றி கூறியிருக்கிறார். அயினி அக்பரியும் அந்நூலில் சான்றாக நிற்கிறது. இந்தியாவில் பல தலைமுறைகள் மொட்டைமாடியில் கழித்த பொழுதுபோக்கு, ஒரு மொழிபெயர்ப்பின் வழியாக உயிர்நூலின் அடித்தளத்தில் ஒரு கல்லாயிற்று.

டார்வின் செய்த சோதனைகளுள் ஒன்று மறக்க முடியாதது. வெள்ளை விசிறிவாலனையும் கறுப்பு நிற பார்ப் என்னும் இனத்தையும் இணைசேர்த்தார். பிறந்தவை புள்ளியும் திட்டுமாக இருந்தன. அவற்றை மீண்டும் தம்முள் இணைத்தார். பேரக்குழந்தை ஒன்று நீலச்சாம்பல் உடலோடும், சிறகில் இரண்டு கருங்கோடுகளோடும், வெண்மையான முதுகடியோடும் பாறையில் வாழும் புறாவைப் போலவே வந்து நின்றது. பாட்டனிடமும் பாட்டியிடமும் இல்லாத நிறம், எத்தனையோ தலைமுறைக்கு முந்திய மூதாதையின் நிறம். எல்லாப் புறாவும் மாடப்புறாவே என்று டார்வின் முடிவுகட்டினார். 1859இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் முதல் அத்தியாயத்தில் புறாவுக்குத் தனி இடம் உண்டு. அச்சாகுமுன் கையெழுத்துப் பிரதியைப் படித்த ஒருவர், மற்றவற்றை விட்டுவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் எல்லோரும் விரும்பிப் படிப்பார்கள் என்று யோசனை சொன்னாராம். ஏற்கப்படாத யோசனைகளுள் நல்லதென்று இதைச் சொல்லலாம்.

வீட்டை விட்டு ஓடிய புறாக்கள் ஏன் சில தலைமுறைகளில் நீலச்சாம்பல் நிறத்துக்கு மீளுகின்றன என்பது இச்சோதனையால் ஓரளவு விளங்குகிறது. பெயர் மறந்தாலும் முகஜாடை மறைவதில்லை.

இதே பறவையின் மற்றொரு குணத்தை ஒடிசாப் போலீஸார் பயன்படுத்திக்கொண்டார்கள். மாடப்புறா பருவந்தோறும் நாடு மாறும் பறவை அன்று. தான் பிறந்த விளிம்பை விட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டாலும் அங்கேயே திரும்ப முயலும். (ஊரை விட்டு வந்த நமக்கு இதைக் கேட்கும்போது சற்று வெட்கமாகவும் இருக்கிறது.) 1946இல் ராணுவத்திடமிருந்து பெற்ற புறாக்களோடு கோராபுட் மாவட்டத்தில் இவ்வஞ்சல் தொடங்கியது. 1948 ஏப்ரலில் ஹிராகுட் அணைப் பணிக்காக வந்த பிரதமர் நேரு, சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்குப் புறாவின் வழியாகச் செய்தி அனுப்பினார். 1982இன் வெள்ளத்திலும் 1999இன் பெரும்புயலிலும் கம்பிகள் அறுந்தபின் புறாக்கள் பறந்தன. 2002இல் அவ்வஞ்சலுக்கு விடை கொடுப்பதாக அறிவிப்பு வந்தது.

இப்போது நம் கூலருக்குத் திரும்பலாம். அமெரிக்கக் கண்டத்தில் மாடப்புறா இயற்கையாக இருந்ததில்லை. 1606இல் பிரெஞ்சுக்காரர் கப்பலில் கொண்டுபோனார்கள். வீட்டுக் கூண்டிலிருந்து தப்பியவற்றின் சந்ததியே இன்று அங்குள்ள நகரங்களில் நிறைந்திருக்கிறது. நம் நாட்டு நிலைமை அவ்வளவு எளிதன்று. இங்கே இரண்டு வழிகளில் புறாக்கள் நகருக்குள் புகுந்தன. மலையிலிருந்தும் கோட்டை மதிலிலிருந்தும் தாமாக வந்தவை ஒரு வகை. மொட்டைமாடியிலிருந்து நழுவியவை மறு வகை. இரண்டும் ஒரே விளிம்பில் சந்தித்து மணம் செய்துகொண்டன. இந்தியாவின் காட்டு மாடப்புறாவுக்கு இன்டர்மீடியா என்னும் தனிப் பெயரை 1844இல் ஸ்ட்ரிக்லேண்ட் சூட்டினார். ஐரோப்பியப் பறவைக்கு வாலுக்கு மேலுள்ள முதுகடி வெண்மை; நம் பறவைக்கு அது சாம்பல். டில்லிப் புறாக்கூட்டம் ஒன்று எழும்போது கீழிருந்து பாராமல் மாடியிலிருந்து பார்த்தால், சாம்பல் முதுகடிகளின் நடுவே வெள்ளை முதுகடிகளும் மின்னுவதைக் காணலாம். அயல்நாட்டு வளர்ப்பினங்களின் கலப்பு அவற்றில் இருத்தல் கூடும்.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். புறாக்கள் பெருகத்தானே செய்கின்றன? பெருகுகின்றன, 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையும் அதையே சொல்கிறது. பல பறவைகள் குறைந்துவரும் நாட்டில் மாடப்புறா செழிக்கிறது. ஆனால் அப்பெருக்கமே பழைய காட்டினத்தை விழுங்குகிறது. கொல்லாமல் அழிப்பது என்பது இதுதான். வேட்டையாலோ நோயாலோ அன்று, திருமணத்தால் ஓர் இனம் மறைந்துகொண்டிருக்கிறது. கலப்பு மிகவும் குறைந்த மாடப்புறாக்கள் ஸ்காட்லாந்தின் மேற்கே வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் இருப்பதாக 2022ஆம் ஆண்டின் மரபணு ஆராய்ச்சி ஒன்று கண்டது. நம் ஜோக் பாறையிலும் தக்காணத்துக் கோட்டைகளிலும் உள்ளவற்றையும் இப்படி நுணுகி ஆராய்ந்து, எது பழைய ரத்தம் என்று குறித்துவைப்பது அவசரமான வேலை என்பது நம் அபிப்பிராயம். தெருவில் ஆயிரக்கணக்கில் திரிவதால் இப்பறவையை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

நகரத்தின் தர்மமும் இப்பெருக்கத்தில் பங்குகொள்கிறது. பம்பாயில் 1933இல் கட்டப்பட்ட தாதர் கபூதர்கானாவைப் போலப் புறாவுக்கு இரைபோடும் இடங்கள் பல எழுந்தன. புறா எச்சத்தின் தூளையும் இறகுத் துகளையும் நெடுநாள் சுவாசிப்பவர்களுள் சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகிறது. முற்றினால் நுரையீரல் தழும்பேறிவிடும். இதைக் காரணமாகக்கொண்டு 2025இல் மும்பையில் இவ்விடங்களை மூட முற்பட்டபோது, தாதரில் பெரும் கிளர்ச்சியும் உயர்நீதிமன்ற வழக்கும் எழுந்தன. ஜீவகாருண்யம் ஒரு பக்கம், அயலாரின் மூச்சு மறுபக்கம். இரை போடாவிட்டால் புறா பட்டினி கிடக்கும் என்பது மட்டும் சரியன்று. பாறையில் வாழ்ந்த நாளிலேயே நெடுந்தூரம் பறந்து வயலில் மேய்ந்து திரும்பிய பறவை அது.

அதே வழக்கு சிறிய அளவில் நம் வீட்டிலும் நடந்தது. தாயாரின் கட்டிலை உள்ளறைக்கு மாற்றினோம். கூலர்ப்பக்கத்து ஜன்னல் மூடப்பட்டது. எச்சத்தைக் காய்ந்த நிலையில் துடைப்பத்தால் கூட்டாமல், முகமூடி அணிந்து, தண்ணீர் தெளித்து ஊறவைத்துத் துடைத்தோம். முட்டைகள் பொரிந்து, மஞ்சள் மயிரும் பெரிய மூக்குமாய்ப் பார்க்கச் சகிக்காத இரண்டு குஞ்சுகள் தலைகாட்டின. சித்திரையில் அனல் காற்று வீசத் தொடங்கிற்று. மின்விசிறியின் கீழே வியர்த்துக்கொண்டு, ஆண்புறாவின் பணிநேரத்தை நாம் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். தாயார் தினமும் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, எத்தனை இறகு முளைத்திருக்கிறது என்று கணக்குச் சொல்லுவார்.

பொரித்து ஒரு மாதம் நிறைந்த சமயம் ஒரு காலையில் குஞ்சுகள் இரண்டும் சட்டத்திலிருந்து எழுந்து எதிர்வீட்டு மாடிச் சுவரில் போய் அமர்ந்தன. முதுகைக் காட்டிக்கொண்டிருந்ததால் நன்றாகப் பார்க்க முடிந்தது. ஒன்றின் முதுகடி சாம்பல். மற்றதன் முதுகடி தூய வெள்ளை.

அன்று மாலையே மிஸ்திரியை அழைத்தோம். கூலர் ஓடத் தொடங்கியது. பின்புறத்து இடைவெளியில் வலையும் கட்டப்பட்டது. மறுநாள் அலுவலகத்துக்குப் புறப்படும்போது, பெற்றோர்ப் புறா இரண்டும் பக்கத்து ஜன்னலின் சன்ஷேடில் அடுத்த கூட்டைத் தொடங்கிவிட்டதைக் கண்டோம். ஆண்புறா அலகில் கொண்டுவந்து வைத்த முதல் குச்சி, மிஸ்திரி கழற்றி எறிந்த பழைய புல் தட்டியிலிருந்து உருவியது.